முந்தானை எந்தத் தோளில்?



ஆண்டிறுதி விடுமுறை தொடங்கிவிட்டது. ஆசிரியர் அறையில் என் மேசையின் கீழறையைத் துப்புரவு செய்தபோது பழைய படக்கட்டுரைத் தாள் ஒன்று அகப்பட்டது. அதைக் கண்டதும், நெடுநாள்களாகத் தள்ளிப்போட்டு வந்த இக்கட்டுரையை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. இது ஓவியக்கலை பயின்ற என் மாணவி ஒருத்தியைப் பற்றியது. இதில் என் பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் இங்கு வந்து படிக்கிறீர்கள் என்பதால் அதை மறைக்காமலே எழுதுகிறேன். மாணவியின் பெயரை மட்டும் தவிர்த்திருக்கிறேன். அவளிடம் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

2014-ஆம் ஆண்டு. புக்கிட் மேரா வட்டாரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் படக்கட்டுரைப் பயிற்சி கொடுத்திருந்தேன். சந்தையில் ஒரு சிறுவன் ஓடுகிறான், கூடையோடு வரும் ஒரு மூதாட்டியின்மீது மோதுகிறான், பழங்கள் சிதறுகின்றன. நாம் அனைவரும் பலமுறை பயன்படுத்திய வகைப் படங்கள்தாம். ஐம்பது நிமிடத்தில் எழுதி முடிக்க வேண்டும். இருபது நிமிடம் கழிந்தும் அவள் தாளில் ஒரு வரிகூட இல்லை. ஓரத்தில் சிறிய பென்சில் படங்கள் மட்டும் இருந்தன. அருகில் சென்று, "ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"டீச்சர், இந்தப் பாட்டியோட முந்தானை தப்பான தோள்ல இருக்கு" என்றாள்.

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? முதல்ல கட்டுரையை எழுது" என்றேன்.

அன்று அவளுக்குக் கிடைத்த மதிப்பெண் நாற்பதுக்குப் பதினேழு. ஓரத்தில் அவள் வரைந்திருந்த படத்தின் பக்கத்தில், 'தேவையற்றது' என்று சிவப்பு மையால் எழுதினேன். இப்போது என் மேசையில் இருப்பது அந்தத் தாள்தான். திருத்தங்கள் செய்து தருமாறு கேட்டிருந்தேன். அவளும் செய்து கொடுத்தாள். திருப்பித் தர நான் மறந்திருக்கிறேன். பென்சில் படத்தில் அந்த மூதாட்டி சரியாகப் புடவை கட்டியிருக்கிறார். முந்தானை இடத்தோளில் விழுகிறது. கொசுவம் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதுகூடத் தெரிகிறது.

அவள் குடும்பம் ஜாலான் புக்கிட் மேராவை ஒட்டிய மூவறை வீவக வீட்டில் வாழ்கிறது. பாட்டனார் தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை செய்தவர். தந்தையார் தொழில்நுட்பர். தாயார் காலையில் ஒரு அலுவலகத்திலும் மாலையில் வீட்டிலுமாக ஓய்வின்றி உழைப்பவர். நானும் அதே வட்டாரத்தில் குடியிருப்பதால் ஈரச்சந்தையிலும் உணவங்காடியிலும் அவர்களை அடிக்கடி காண்பேன்.

2019-இல் அவள் சாதாரண நிலைத் தேர்வு எழுதவிருந்த ஆண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மீன்கடை அருகே அவள் தாயார் என்னை நிறுத்தினார். "டீச்சர், படம் வரையறதுக்குத்தான் படிக்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் பேசுங்களேன்" என்றார். அவர் கையில் இருந்த பையின் கனத்தைவிட அந்தக் குரலின் கனம் மிகுதி. அவர்கள் அச்சத்தில் நியாயமும் இருந்தது. நிலையான ஊதியம் உள்ள ஒரு வேலையைக் கொண்டே இரண்டு தலைமுறைகளாகத் தலைநிமிர்ந்த குடும்பம் அது.

அன்று மாலையே அவர்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் அவளை உட்கார வைத்துப் பேசினேன். வரைவது பொழுதுபோக்காக இருக்கட்டும், முதலில் ஒரு தொழிலைக் கையில் பிடித்துக்கொள் என்றேன். பல பெற்றோர்கள் சொல்வதையே நானும் சற்று நயமாகச் சொன்னேன், அவ்வளவே. அவள் எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு மின்தூக்கியை நோக்கி நடந்தாள். ஆயினும் 2020-இல் தான் விரும்பிய கலைப்படிப்பிலேயே சேர்ந்துவிட்டாள். தந்தையார் கடைசியில் இணங்கியதாகப் பின்னர் அறிந்தேன். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக என்னைக் கண்டால் அவள் புன்னகை செய்வாள், நின்று பேசமாட்டாள்.

2021-ஆம் ஆண்டில் ஒருநாள் எதிர்பாராமல் கைப்பேசியில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "டீச்சர், பூக்கடையில தொங்குறது எல்லாத்துக்கும் ஒரே பேரா?"

கல்லூரியில் அவளுக்கு ஒரு பணி கொடுத்திருந்தார்கள். ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதில் புழங்கும் பொருள்கள் அனைத்தையும் படமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் குறிக்க வேண்டும். அவள் தேக்காவின் பூக்கடைகளைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஆங்கிலத்தில் எதற்கும் ஒரே சொல்தான் கிடைத்தது என்றாள். வரைந்த படங்களோ ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன.

அடுத்த சனிக்கிழமை இருவரும் லிட்டில் இந்தியா சென்றோம். கேம்பல் லேனிலும் பஃப்ளோ சாலையிலும் பூக்கடைகள் முன்னால் அவள் மணிக்கணக்கில் நின்று வரைந்தாள். நான் பெயர் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒற்றை வரிசையாகத் தொடுத்துத் தலையில் சூடுவது சரம். பல நிறப் பூக்களையும் மரிக்கொழுந்தையும் கலந்து தொடுத்தால் கதம்பம். கழுத்தில் சூட்டுவது மாலை. கையில் ஏந்துவது செண்டு. வாயிலில் கட்டுவது தோரணம். ஐந்து சொற்களுக்குப் பிறகு என் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அப்புறம் கடைக்காரர்தான் எங்களுக்கு ஆசிரியரானார். பூவைக் கட்டுவது வேறு, கோப்பது வேறு என்று காட்டினார். ஊசியில் நூலேற்றிக் கோத்தால் காம்பு உள்ளே மறையும். விரல்களால் முடிச்சிட்டுக் கட்டினால் காம்பு வெளியே தெரியும். அவர் ஊரில் வாழைநாரை நனைத்துக் கட்டுவார்களாம். நார் பூவை அறுக்காதாம்.

இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பிக்கிறேன். 'கட்டு', 'கோ' ஆகிய வினைகளின் வேறுபாட்டை மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சியாகப் பலமுறை கொடுத்திருக்கிறேன். காம்பு தெரிவதிலும் மறைவதிலும் அந்த வேறுபாடு இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். அவளோ, கடைக்காரர் சொல்வதற்கு முன்பே காம்பு தெரியும் படம் ஒன்றும் தெரியாத படம் ஒன்றும் வரைந்து வைத்திருந்தாள். அவளிடம் இல்லாதது சொல் மட்டுமே.

திரும்பும் வழியில் பெலிலியோஸ் லேனில் சைஃபூல் என்னும் ஓவியர் 2016-இல் தீட்டிய சுவரோவியத்தின் முன்னால் நின்றோம். லிட்டில் இந்தியாவின் மரபுத் தொழில்களைக் காட்டும் ஓவியம் அது. கிளி ஜோதிடரும் பூத்தொடுப்பவரும் அதில் உண்டு. லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் 2015-இல் தொடங்கிய லிட்டில் இந்தியா கலைநடையின் பயனாக இத்தகைய ஓவியங்கள் அப்பகுதிச் சுவர்களில் தோன்றின. அவ்வழியே எத்தனையோ முறை மளிகைப் பைகளோடு நடந்திருக்கிறேன். நின்று பார்த்தது அதுவே முதன்முறை.

அவளுக்கு ஊக்கம் அளித்தவர்கள் யாவர் என்று அன்று கேட்டேன். வெளிநாட்டு ஓவியர் பெயர்களை எதிர்பார்த்த எனக்கு வியப்பே மிஞ்சியது. முதற்பெயர் மணியம். பாட்டனார் ஊரிலிருந்து கொண்டுவந்து கட்டடம் செய்து வைத்திருந்த பழைய 'கல்கி' இதழ்களின் தொடர்கதைத் தொகுதிகள் அவள் வீட்டு அலமாரியில் இருந்தன. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது படம் வரைந்தவர் மணியம் (1924–1968). கதையைப் படிக்கும் அளவுக்கு அவளுக்குத் தமிழ் ஓடவில்லை. படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறாள். கொண்டைகளையும் அணிகளையும் அப்படியே பார்த்து வரைவாளாம். கல்கி வரலாற்று இடங்களுக்குச் செல்லும்போது மணியத்தையும் உடன் அழைத்துச் சென்றார் என்றும், அந்த அணிமணிகள் சிற்பங்களையும் பழைய ஓவியங்களையும் பார்த்து வந்தவை என்றும் சொன்னேன். "அப்போ கதை எழுதறவரும் படம் வரையறவரும் ஒண்ணா போய்ப் பாத்தாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குள் நெடுநேரம் ஒலித்தது.

பின்னர் நான் அவளுக்குக் கோபுலுவையும் (1924–2015) சில்பியையும் (1919–1983) அறிமுகப்படுத்தினேன். தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் பயின்ற கோபுலு, 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு வரைந்த படங்களில் நாகசுரக்காரரின் கன்னம் புடைப்பதைக்கூடக் காட்டியவர். சில்பி கோயில் பிரகாரங்களில் அமர்ந்து, சிலைகளை நேரில் பார்த்து 'ஆனந்த விகட'னுக்கு வரைந்தவர். இவர்களை நான் பள்ளிப்பருவத்திலேயே அறிவேன். எனினும் தமிழ் வகுப்பில் ஒருநாளும் இவர்கள் பெயரை உச்சரித்ததில்லை. எழுத்தாளர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவோம். படம் வரைந்தவர் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடக்கூட மாட்டோம்.

அவளுக்குப் பிடித்த இன்னொருவர் நம் பக்கத்து வீட்டுக்காரரைப் போன்றவர். தியோங் பாரு குடியிருப்புச் சுவர்களில் 2016-இல் யிப் யூ சோங் தீட்டிய மூன்று ஓவியங்களை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஒன்றில் பழைய காலத்து வீட்டுக்கூடம். ஒன்றில் சந்தையும் குறி சொல்பவரும். ஒன்றில் கூண்டுப் பறவைகளின் பாட்டைக் கேட்போர். அவர் கணக்காளராகப் பணியாற்றியவர். ஓவியத்தைத் தாமாகவே பயின்றவர். இதைக் கேள்விப்பட்ட அவள் தந்தையார், "பாத்தியா, முதல்ல கணக்காளர்!" என்றாராம். அவளோ, "கடைசியில ஓவியர்ப்பா" என்றாளாம். அந்த வீட்டில் இதைப் பற்றிச் சிரித்துப் பேசிய முதல் உரையாடல் அதுவே என்று தாயார் என்னிடம் சொன்னார்.

2022-இல் அவள் சிறிய வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் சில மாதங்கள் வேலைப்பயிற்சி பெற்றாள். பெற்றோர்களுக்கு இப்பகுதி பயன்படும் என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன். படம் வரைவோர் நாள் முழுதும் மனம்போல் வரைந்துகொண்டிருப்பார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். உண்மையில் வரைவது நாளில் ஒரு பங்குதான். வாடிக்கையாளர் என்ன விரும்புகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் அளவில் பத்துப் பன்னிரண்டு முன்வரைவுகள் போட வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் மூன்று முறை, நான்கு முறை திருத்த வேண்டும். அச்சில் தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியாதிருக்க, படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் நீட்டி வரைய வேண்டும். கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயரிட வேண்டும். பேரம் பேசவும் பணிவாக மறுக்கவும் தெரிய வேண்டும். நாம் 'கலை' என்று ஒதுக்கிவைக்கும் துறைக்குள் இத்தனை ஒழுக்கம் இருக்கிறது.

அங்கே ஒரு தீபாவளி விளம்பரம். விளக்கேற்றும் பெண்ணின் படம் இடப்பக்கம் நோக்கியிருந்தது. வாசகம் வலப்பக்கம் வரவேண்டியிருந்ததால், படத்தை வலப்பக்கம் நோக்குமாறு கணினியில் ஒரே சொடுக்கில் திருப்பிவிட்டார்கள். கண்ணாடியில் தெரிவதைப் போல எல்லாம் இடம்வலமாக மாறின. முந்தானை வலத்தோளுக்குப் போய்விட்டது; விளக்கு ஏற்றும் கை இடக்கையாகிவிட்டது.

எட்டாண்டுகளுக்கு முன் என் வகுப்பில் அவள் கேட்ட கேள்விக்கு விடை அங்கே கிடைத்தது. என் பயிற்சித்தாளின் மூதாட்டியையும் யாரோ அவ்வாறே திருப்பியிருக்கக்கூடும். குஜராத்தி முறையில் முந்தானை பின்னாலிருந்து வலத்தோள் வழியாக முன்னே வரும் என்பதை அவள் தேடி அறிந்திருந்தாள். ஆனால் அந்தப் படத்தில் இருந்தது நம்மவர் கட்டும் கட்டு. முந்தானை முன்னாலிருந்து பின்னே போயிற்று. மாற்ற வேண்டும் என்றாள். "இது யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார் உடன் பணிபுரிந்தவர். "என் பாட்டிக்குத் தெரியும்" என்றாள் அவள்.

அன்றிரவு வீட்டிலிருந்தே புடவையையும் கைகளையும் புதிதாக வரைந்து கொடுத்தாள். மேலாளர் ஏற்றுக்கொண்டார். அதன் விளைவு என்ன தெரியுமா? அன்று முதல் 'இந்திய' வேலைகள் அனைத்தும் அவள் மேசைக்கே வந்தன, தெலுங்கு வாசகம் ஒன்று உட்பட. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், தெரிந்தவரைத் தேடிப் பிடிக்கவும் அப்போது கற்றுக்கொண்டதாகச் சொன்னாள்.

தமிழ் வாசகங்களும் அவளுக்குத் தொல்லை கொடுத்தன. மின்னஞ்சலில் சரியாகத் தெரிந்த சொல், வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியவுடன் உடைந்தது. 'கொ' என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். கணினியின் நினைவில் மெய்யே முதலில் இருக்கும். காட்டும்போதுதான் கொம்பை முன்னே நகர்த்த வேண்டும். தெற்காசிய மொழிகளுக்கான வரியமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் மென்பொருள் அதைச் செய்யாது; கொம்பு பின்னால் தங்கிவிடும். பொது இடங்களில் உடைந்த தமிழைக் கண்டு நாம் கொதிக்கும் பல வேளைகளில் இதுவே காரணம். தமிழ் தெரியாதவர் கையில் அது வெறும் கோலமாகத்தான் தெரிகிறது. உடைந்ததும் உடையாததும் அவருக்கு ஒன்றே.

இது எனக்குச் சற்று அறிந்த துறை. கணினித் தமிழுக்காக உழைத்த எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமியை (1946–1999) நம் தலைமுறை ஆசிரியர்கள் மறக்கமாட்டார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சலைக் கொண்டே நம்மில் பலர் தட்டச்சு கற்றோம். அவர் உருவாக்கிய எழுத்துருக்களும் செல்லினமும் இன்று நம் கைப்பேசிகளுக்குள் இருக்கின்றன. எழுத்துருவையும் ஒருவர் உட்கார்ந்து வரைகிறார் என்று அவளிடம் சொன்னபோது, அவள் கண்கள் அகன்றன. அதன்பின் ஒரு மாதம் 'ழ'கரத்தின் வளைவை மட்டும் பல வகையாக எழுதிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பில் 'ழ' எழுதச் சொல்லி நான் கெஞ்சிய அதே பிள்ளை!

2023-இல் அவளுடைய இறுதியாண்டுப் படைப்பு ஒரு சிறுவர் படநூல். கதை, நம் வட்டாரத்தின் பெயர்க்கதை. மலாயில் 'புக்கிட்' என்றால் குன்று. 'மேரா' என்றால் சிவப்பு. வாள்மீன்கள் கூட்டமாகக் கரையேறி மக்களைத் தாக்கின, அரசர் வீரர்களை வரிசையாக நிறுத்தினார், அவர்கள் கால்களே சுவராயின, பலர் மாண்டனர். ஒரு சிறுவன், வாழைமரங்களை நட்டுச் சுவர் எழுப்பலாம் என்றான். மீன்களின் அலகுகள் அவற்றில் குத்திச் சிக்கிக்கொண்டன, ஊர் பிழைத்தது. இவ்வளவு அறிவுள்ள பிள்ளை வளர்ந்தால் என்னாகுமோ என்று அஞ்சிய அரசர், அவனைக் கொல்லச் செய்தார். அவன் குருதியால் குன்று சிவந்தது. 'செஜாரா மெலாயு' என்னும் பழைய மலாய் நூலில் வாள்மீன்களின் கதை இருக்கிறது. குன்று சிவந்த செய்தி மக்கள் வழங்கும் கதையில் வருகிறது.

தமிழில் எழுதி என்னிடம் காட்டினாள். 'வாழைத்தண்டுச் சுவர்' என்று எழுதியிருந்தாள். எனக்கும் பிழை தெரியவில்லை. அவள் பாட்டிதான் பிடித்தார். "தண்டுங்கறது உள்ள இருக்கறது கண்ணு, நாம பொரியல் பண்றது. வெளிய சுத்திச் சுத்தி இருக்கறது பட்டை. காஞ்சா சருகு, கிழிச்சா நாரு" என்றார். தேக்கா சந்தையிலிருந்து ஒரு துண்டு வாங்கி வந்து குறுக்கே வெட்டிக் காட்டினார். அடுக்கடுக்கான மட்டைகள், அவற்றினுள் தேனடை போன்ற காற்றறைகள். தாவரவியலார் அதைப் பொய்த்தண்டு என்பர். இலைமட்டைகள் ஒன்றையொன்று தழுவி நிற்பதால் மரம்போல் தோன்றுகிறது. அலகு எளிதாக உட்புகும், அடுக்குகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும் என்பது அந்தத் துண்டைப் பார்த்ததும் எங்களுக்கு விளங்கியது. நூலின் நடுவிரிப்பில் அவள் போரை வரையவில்லை; வாழைப்பட்டையின் குறுக்குவெட்டையும் அதில் சிக்கிய ஓர் அலகையும் மட்டும் பெரிதாக வரைந்தாள். வாசகத்தில் 'பட்டை' என்று திருத்தினாள். தேக்காப் பூக்கடைக்காரர் சொன்ன வாழைநாரும் இந்தப் பட்டையிலிருந்துதான் வருகிறது என்று பாட்டி சொல்ல, அவள் தன் பழைய பூக்கடைப் படங்களை எடுத்து அந்தச் சொல்லையும் ஓரத்தில் சேர்த்தாள்.

படநூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் ஏன் அமைகின்றன என்பதையும் அவளிடமே கற்றேன். பெரிய தாளில் அச்சிட்டு, மடித்து, வெட்டும் முறைக்கு அந்த எண்ணிக்கை பொருந்துகிறது. எனவே கதையை அந்த எல்லைக்குள் பகுத்துக்கொள்ள வேண்டும். சிறுவனின் சாவை எப்படிக் காட்டுவது என்பதில் அவள் பல வாரங்கள் தவித்தாள். முடிவில் கடைசி விரிப்பு முழுவதும் செம்மண் மட்டுமே. குருதி இல்லை, வாள் இல்லை. மேல்மூலையில் இன்றைய அடுக்குமாடிகள் மிகச் சிறியனவாகத் தெரிகின்றன.

மாணவர் படைப்புக் கண்காட்சிக்கு அவள் குடும்பத்தோடு நானும் சென்றிருந்தேன். நூலை நிதானமாகப் புரட்டினேன். அரசரின் காதில் அமைச்சர்கள் முணுமுணுக்கும் பக்கம் வந்தது. சிறுவனைப் பற்றி அரசரிடம் அச்சமூட்டுகிறவர்கள் அவர்கள்தாம். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தாள். பழங்காலச் சிங்கபுரத்தில் மூக்குக்கண்ணாடி ஏது? நான் என் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"இது யாரு?" என்று கேட்டேன்.

அவள் முகம் சிவந்தது. "அது... சும்மா வரைஞ்சது டீச்சர். வேணும்னா எடுத்துடறேன்."

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். முந்தானை இடத்தோளில் சரியாக விழுந்திருந்தது என்பதையும் கவனித்துச் சொன்னேன். இருவரும் சிரித்தோம். அன்று பேருந்தில் திரும்பும்போது, கீழ்த்தளத்துக் கல்மேசையில் நான் பேசியவற்றுக்காக அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றாள். அரசனிடம் பேசிய அமைச்சர்களும் அவ்வாறே எண்ணியிருப்பார்கள்.

இதை வெற்றிக்கதையாக முடித்தால் பெற்றோர்களுக்கு நான் நேர்மையாக நடந்தவளாகமாட்டேன். அவள் இப்போது தனித்தொழிலாகப் படம் வரைகிறாள். வாரத்தில் இரண்டு நாள் சமூக மன்றத்தில் சிறுவர்களுக்கு ஓவியம் கற்பிக்கிறாள். சில மாதங்கள் நல்ல வருவாய். சில மாதங்களில் கைப்பிடிப்பு. தந்தையார் இன்னும் மாதமொருமுறை நிலையான வேலையைப் பற்றிக் கேட்கிறார். நூல் இன்னும் பதிப்பாளர் கைக்குப் போகவில்லை. மறுபுறம், வழிகளும் முன்பைவிட அதிகம். 1938-இல் தோன்றிய நன்யாங் நுண்கலைக் கழகமும், 1984-இல் தோன்றிய லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இணைந்து, 2024-இல் அதன் முதல் மாணவர்களைச் சேர்த்தன. பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் வடிவமைப்புப் படிப்புகள் உண்டு. பிள்ளை விரும்பினால் அங்கு நடக்கும் பொதுவரவேற்பு நாளுக்கு அவனோடு, அவளோடு நீங்களும் செல்லுங்கள். வேண்டாம் என்று சொல்வதானாலும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான் பார்க்காமலே சொன்னேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் நாள்தோறும் படங்களைக் கொண்டே தமிழ் கற்பிக்கிறோம். படத்தை வேகமாகத் தாண்டி எழுத்துக்கு வருமாறு பிள்ளைகளை விரட்டுகிறோம். கூர்ந்து பார்க்கிற பிள்ளைக்குத்தான் சொல் தேவைப்படுகிறது. சரம், கதம்பம், செண்டு ஆகிய சொற்களை நான் பட்டியலாகக் கொடுத்திருந்தால் அவள் தேர்வு முடிந்ததும் மறந்திருப்பாள். வரைந்தபின் கேட்டுப் பெற்றதால் அவை அவளிடம் தங்கிவிட்டன. இப்போது படக்கட்டுரை வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடவிடாமல் படத்தைப் பார்க்க மட்டும் சொல்கிறேன். தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்தால் பாராட்டுகிறேன். ஓரத்தில் வரைந்தால், வரைந்த பொருளின் பெயரைத் தமிழில் எழுதச் சொல்கிறேன். தெரியாவிட்டால் வீட்டில் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு வரச் சொல்கிறேன்.

இந்த ஆண்டின் கடைசிப் படக்கட்டுரை வகுப்பில் பின்வரிசை மாணவன் ஒருவன் கை உயர்த்தினான். "டீச்சர், இந்தப் படத்தை யாரு வரைஞ்சாங்க?" என்றான். தாளைத் திருப்பிப் பார்த்தேன். எங்கும் பெயர் இல்லை. எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். வரும் ஆண்டிலிருந்து நான் தயாரிக்கும் தாள்களில் படம் வரைந்தவர் பெயரைக் கீழே குறிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

பழைய தாளை நாளை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 'தேவையற்றது' என்னும் சொல்லை அழிக்க முயன்றேன். சிவப்பு மை போகவில்லை. அப்படியே கொடுத்துவிடப் போகிறேன்.